மூன்று கணினி, ஒரே நிரல்: பைசைட்6-இல் முதல் தமிழ்ச் சாளரம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் உபயக் கணக்கு இதுவரை நீள நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது. லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வீடுகள்) காலியாகி, ஆட்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவார்கள், பட்டியலும் வருடா வருடம் நீள்கிறது. இந்த முறை அதைக் கணினியில் ஏற்ற ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். பொருளாளரிடம் விண்டோஸ் 10, செயலாளர் வீட்டில் மேக், என்னிடம் உபுண்டு. மூன்றிலும் ஓட வேண்டும் என்பதுதான் வேலையே.

பைத்தான் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்து. இங்கே பயன்படுத்தும் கியூட் என்ற சாளர நூலகத்தின் வகுப்புகளின் பெயரில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். செயல்களின் பெயரில் முதல் சொல் மட்டும் சிறிய எழுத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பைத்தானோடு சும்மா வரும் டிக்கிண்டர் என்ற சாளர நூலகத்தில்தான் தொடங்கினேன். என் உபுண்டுவில் ‘பெயர்’ என்று போட்டால் ‘ப’ முன்னால் நின்றது, கொம்பு அதன் பின்னால் போய் உட்கார்ந்தது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது யாராவது அதை முன்னால் கொண்டுவர வேண்டும். லினக்ஸ் டிக்கிண்டர் அந்த வேலையைச் செய்யவில்லை. கியூட், ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை வைத்துக்கொண்டு மூன்று இயங்குதளத்திலும் சரியாகச் செய்கிறது. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய மலேசியாவில் இருந்துகொண்டு, கொம்பு இடம் மாறிய எழுத்தைக் கோயில் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நிரல் செய்கிறவர்கள் முதல் நாளே இதைச் சோதித்துப் பாருங்கள்.

கியூட் நார்வேயில் பிறந்தது, 1995-இல் முதன்முதலாக வெளிவந்தது. சி++ மொழியில் எழுதப்பட்டது. பைத்தானிலிருந்து அதை அழைக்க பைசைட்6, பைகியூட்6 என்று இரண்டு வழிகள் உண்டு. நான் பைசைட் பக்கம்: கியூட் நிறுவனமே தருகிறது, எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கிறது.

நிறுவுதல்

ஒரு புதிய கோப்புறையில் ‘பைத்தான் -எம் வென்வ் சூழல்’ என்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். கடைசிச் சொல் கோப்புறையின் பெயர், உங்கள் விருப்பம். உபுண்டுவில் ‘பைத்தான்3’ என்று தட்ட வேண்டும், அதற்கு முன் ‘பைத்தான்3-வென்வ்’ பொதியை ஏற்றிக்கொள்ள வேண்டும். சூழலை இயக்கிய பிறகு ‘பிப் இன்ஸ்டால் பைசைட்6-எசென்ஷியல்ஸ்’. வெறும் ‘பைசைட்6’ என்று கேட்டால் இணைய உலாவி இயந்திரம் வரை எல்லாம் இறங்கும். தோட்டப் பக்கத்து இணைய வேகத்துக்கு அது வேண்டாம், நமக்குத் தேவையானது எசென்ஷியல்ஸிலேயே இருக்கிறது.

முதல் சாளரம்

நான்கே வேலை. கியூஅப்ளிகேஷன் ஒன்றை உருவாக்குங்கள். ‘வணக்கம்’ என்ற எழுத்தோடு ஒரு கியூலேபல். அதற்கு ‘ஷோ’ சொல்லுங்கள். கடைசியில் அப்ளிகேஷனுக்கு ‘எக்ஸெக்’. கடைசி வரியை விட்டால் சாளரம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்துவிடும்.

உபுண்டுவில் ‘எக்ஸ்சிபி’ செருகியை ஏற்ற முடியவில்லை என்று நிரல் நின்றால் பயப்படாதீர்கள். கியூட் 6.5 முதல் ‘லிப்எக்ஸ்சிபி-கர்சர்0’ என்ற பொதி தேவை. உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக அதை ஏற்றினால் சரியாகிவிடும்.

அடுக்குதல் – இங்கேதான் நான் மாட்டினேன்

நான் முதலில் ஒவ்வொரு பெட்டியையும் ‘செட்ஜியோமெட்ரி’ கொண்டு எண் கொடுத்து வைத்தேன்: இடமிருந்து 20, மேலிருந்து 40, அகலம் 150, இப்படி. என் திரையில் அழகாக இருந்தது. பொருளாளர் அண்ணன் மடிக்கணினியில் திறந்தபோது ‘நன்கொடையாளர் பெயர்’ என்பது ‘நன்கொடையாள’ என்று பாதியில் வெட்டுப்பட்டது. ‘பதிவு செய்’ பொத்தானிலும் கடைசி எழுத்தைக் காணோம்.

திரையின் பெரிதாக்க அளவுதான் காரணம் என்று நினைத்து இரண்டு இரவு அதையே நோண்டினேன். காரணம் அதுவல்ல, கியூட் 6 அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. மாறியது எழுத்துரு. என் கணினி நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தது, அவருடையது நிர்மலா யுஐ எடுத்தது, மேக்கில் இன்னொன்று. ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று அகலம். அதிலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பொத்தானுக்குப் போதுகிற இடம் நமக்குப் போதாது.

எண்களை எல்லாம் அழித்துவிட்டு கியூஃபார்ம்லேஅவுட் ஒன்றைப் போட்டேன். இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் பெட்டி என்று வரிசை வரிசையாக அதுவே அடுக்கும். ஒவ்வொரு வரிக்கும் ‘ஆட்ரோ’ என்று சொல்லி, ‘நன்கொடையாளர் பெயர்’ என்ற எழுத்தையும் ஒரு கியூலைன்எடிட்டையும் (ஒரு வரி தட்டும் பெட்டி) கொடுத்தால் போதும். எழுத்தின் உண்மையான அகலத்தை அளந்து இடம் ஒதுக்குகிறது. என் உபுண்டுவில் சாளரத்தை இழுத்துப் பார்த்தால் பெட்டிகளும் கூடவே நீள்கின்றன. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தயவுசெய்து நீங்கள் எண் கொடுத்து எதையும் வைக்காதீர்கள், ஒரே ஒரு பொத்தானாக இருந்தாலும் சரி.

மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது. நான் ‘பெயர்_பெட்டி’, ‘தொகை_பெட்டி’ என்றுதான் வைத்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் படித்தவுடன் புரிகிறது.

தொகைப் பெட்டி

பணத்துக்கு கியூடபிள்ஸ்பின்பாக்ஸ் நல்லது, எண்ணைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாது. ‘செட்ப்ரிஃபிக்ஸ்’ கொடுத்தால் முன்னால் ‘வெள்ளி’ (ரிங்கிட்) என்றும் காட்டும். ஆனால் சோதித்த அன்று அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நூத்தியொரு வெள்ளி அடிச்சா பத்துலேயே நிக்குது.” சொல்லாமல் விட்டால் அந்தப் பெட்டியின் உச்ச அளவு 99.99. 1, 0 வரை விடும், அடுத்த 1 உள்ளே போகாது. நம் உபயம் 51, 101, 501 என்றுதான் வரும், ஆகவே இது உடனே இடிக்கும். ‘செட்மேக்ஸிமம்’ கொடுத்து 100000 வரை உயர்த்திவிடுங்கள்.

பொத்தானும் சேமிப்பும்

பொத்தானின் ‘கிளிக்ட்’ சமிக்ஞையை ‘கனெக்ட்’ மூலம் உங்கள் செயலோடு இணைக்க வேண்டும். செயலின் பெயரை மட்டும் கொடுங்கள், பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். போட்டால் அண்ணன் பெயரைத் தட்டுவதற்கு முன்பே, சாளரம் திறக்கும்போதே சேமிப்பு ஓடிவிடும்.

சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் செயற்குழுவில் எல்லாரும் எக்ஸெலில் திறக்கலாம். கோப்பை உருவாக்கும்போது குறியாக்கம் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் லினக்ஸில் ஒழுங்காக ஓடும் அதே நிரல், விண்டோஸில் முதல் தமிழ்ப் பெயரிலேயே பிழை காட்டி நின்றுவிடலாம். கடைசியில் உள்ள அந்த ‘சிக்’ எக்ஸெலுக்காக. அது இல்லாமல் திறந்தால் ‘முனியம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும்.

மற்றவர்களுக்குக் கொடுப்பது

நிரலைத் தனியாக ஓடும் கோப்பாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், மேக்குக்கானதை மேக்கில். நான் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துதான் கட்டினேன்.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்துச் செய்தவர்களில் சிலர் விண்டோஸ் பவர்ஷெல்லில் சூழலை இயக்க முடியாமல் நின்றார்கள். அங்கே ஸ்கிரிப்ட் ஓடத் தடை இருக்கும். பாதுகாப்பு அமைப்பை மாற்றாதீர்கள். பழைய கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அங்கே இயக்குங்கள்.

இன்னொன்று, மேக் வைத்திருப்பவர்களுக்கு

செயலாளர் மகள் படம் எடுத்து அனுப்பினாள்: பெயர்ப் பெட்டி சின்னதாக இருக்கிறது, சாளரத்தை எவ்வளவு இழுத்தாலும் வளரவில்லை. மேக்கின் பாணியில் கியூஃபார்ம்லேஅவுட் பெட்டிகளை அவற்றின் இயல்பான அளவிலேயே நிறுத்திவைக்கும். ‘செட்ஃபீல்ட்குரோத்பாலிசி’ என்பதற்கு ‘ஆல்நான்ஃபிக்ஸ்ட்ஃபீல்ட்ஸ்குரோ’ என்ற மதிப்பைக் கொடுத்தேன். இப்போது அங்கேயும் பெட்டி நீள்கிறது, அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரும் தெரிகிறது.