"காய்ச்சல்ல பிதற்றுறார்" என்று எழுதிவிட்டு நகராதீர்கள்: அம்புலன்ஸ் பணியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"காய்ச்சல் வேகத்தில பிதற்றுறார், வேறொண்டுமில்லை." திருகோணமலையில் கின்னியாவோ சாம்பல்தீவோ, வீட்டு வாசலில் இறங்கியதும் உறவினர் சொல்வது பெரும்பாலும் இதுதான். அதையே அறிக்கையில் எழுதிக்கொள்வது முதல் தவறு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால், மூளைக்குச் சீனியோ ஒட்சிசனோ இரத்தமோ போதாமல் இருக்கலாம். மூளையிலேயே கிருமித் தொற்று இருக்கலாம். காய்ச்சல்தான் காரணம் என்று முடிவுகட்டினால் இவற்றில் எதையும் தேடமாட்டோம்.

பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்று, நினைவுத் தெளிவை அளக்கும் கிளாஸ்கோ அளவில் முழுப் புள்ளியான 15 போடுபவர்கள் உண்டு. சொந்தப் பெயர் எளிதில் மறப்பதில்லை. இது எந்த இடம், இன்று என்ன கிழமை, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள். பதில் குழம்பினால் பேச்சுக்கு ஐந்தில் 4தான், மொத்தம் 14. "வழமையா இப்படித்தான் கதைப்பாரா? கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தவர்?" என்று வீட்டாரிடமும் கேளுங்கள். முகம் கோணல், கை தளர்ச்சி, விழுந்து தலையில் அடிபட்டதா என்பதையும் கையோடு பார்த்துவிட வேண்டும்.

அதிகம் தவறவிடப்படுவது சீனி அளவு. சீனி வருத்தக்காரர் காய்ச்சலில் சாப்பாட்டை விட்டிருப்பார். இன்சுலினையோ, சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் மாத்திரையையோ விட்டிருக்கமாட்டார். ஊசி குத்துமுன் விரலைத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடையுங்கள். பழச்சாறோ தேநீரோ ஒட்டிய விரல் பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டும். சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்து, விழித்திருந்து விழுங்கக்கூடியவர் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; பக்கவாட்டில் படுக்க வையுங்கள். அன்பு மிகுதியில் தேத்தண்ணி பருக்கும் கைகளை நீங்கள்தான் தடுக்க வேண்டும். தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் குடிப்பவருக்குச் சில மணி நேரத்தில் சீனி மறுபடி இறங்கும்.

மூச்சை எண்ணாமல் "18" என்று எழுதுவது பழகிப்போன பொய். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். குழப்பத்தோடு மூச்சு 22ஐத் தொட்டு, இரத்த அழுத்தத்தின் மேல் அளவும் 100 அல்லது அதற்குக் கீழே என்றால் கடும் தொற்று என்று எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். பிரஷர் மாத்திரையான அட்டெனலோல் குடிப்பவரின் நாடி, உடல் தளர்ந்தாலும் வேகம் பிடிக்காது. பனடோல் போட்டிருந்தால் வெப்பமானியும் ஏமாற்றும். முதியவருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் இல்லாமல் போகலாம், 36 பாகைக்குக் கீழேகூட இறங்கலாம்.

வாடை மழைக் காலத்தில் "காய்ச்சல் விட்டுட்டு" என்ற சொல்லைக் கேட்டு ஆறுதலடையாதீர்கள். 2017இல் டெங்கு பரவிய கின்னியாவில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு சூடு இறங்கும் நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி நிலை வருகிறது. இரத்த அழுத்தக் கருவி 100/80 என்று காட்டும். மேல் அளவை மட்டும் பார்ப்பவருக்கு அது போதுமாகத் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி 20தான் என்பதே ஆபத்து. கைகால் குளிர்ந்திருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, கடைசியாகச் சலம் போனது எப்போது என்று பாருங்கள். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபெனக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். இவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் வயலிலோ கடற்கரையிலோ விழுந்தவர் வேறு கதை. 40 பாகைக்கு மேல் சூடு, கூடவே குழப்பம் என்றால் வியர்த்திருந்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். பனடோல் இதற்கு உதவாது. ஏற்றிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளாமல் உடுப்பைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மீன் ஐஸ்பெட்டி பக்கத்தில் இருந்தால் அதுவும் போதும்.

கழுத்து விறைக்கவில்லை என்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்றாகாது. கண்ணாடித் தம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகளைத் தேடுங்கள். கறுத்த தோலில் உள்ளங்கை, கண்ணிமையின் உட்பக்கம் பார்த்தால் தெரியும். சந்தேகம் வந்ததும் உங்களுக்கும் நோயாளிக்கும் முகக்கவசம்.

புறப்படுமுன் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.