பக்கத்து சர்வரின் நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது எப்படி?

டேட்டா சென்டரில் ஒரு சர்வரின் நினைவகம் போதாமல் திணறும் அதே நேரத்தில், அருகிலுள்ள இன்னொரு சர்வரில் பல ஜிகாபைட் இடம் சும்மா கிடப்பது வாடிக்கை. அந்த இடத்தை ஆர்டிஎம்ஏ (நெட்வொர்க் வழியே இன்னொரு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகும் நுட்பம்) வழியாக, எதிர்ப்பக்கத்து சிபியுவைத் தொந்தரவு செய்யாமலேயே படிக்கவும் எழுதவும் முடியும். சொந்த நினைவகத்தைத் தொடச் சுமார் 100 நானோநொடி ஆகிறது. நெட்வொர்க் வழியே ஒருமுறை போய்வரச் சில மைக்ரோநொடிகள் ஆகின்றன. ஆகவே எத்தனை முறை போகிறோம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு சுமந்து வருகிறோம் என்பதில்தான் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள். லினக்ஸின் சிகுரூப் வசதியால் உங்கள் நிரலுக்கான நினைவக வரம்பைப் படிப்படியாகக் குறைத்து, ஒரே வேலைப்பளுவைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எந்த வரம்பில் பதில் நேரம் சட்டென்று ஏறுகிறதோ, அதற்குக் கீழே உள்ளூர் நினைவகத்தைக் குறைக்கக் கூடாது. இதற்குத் தொலை சர்வர் தேவையில்லை. நினைவகத்தில் அடங்காததை வட்டுக்கு நகர்த்தும் சாதாரண ஸ்வாப் போதும்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள். 2017இல் வெளிவந்த இன்ஃபினிஸ்வாப் போன்றவை தொலை நினைவகத்தை ஸ்வாப் இடமாகக் காட்டுவதால் நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. 2020இல் வந்த ஏஐஎஃப்எம் நூலகமோ நிரலை மாற்றச் சொல்கிறது. பதிலுக்கு, தேவையான பொருளை மட்டும் கொண்டுவருகிறது. புதியவர்கள் முதல் வழியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

படி 3: தரவை அடுக்கும் முறையை மாற்றுங்கள். பெரும்பலன் கிடைப்பது இங்கேதான். ஸ்வாப் வழியில் 100 பைட் பதிவு ஒன்றைக் கேட்டாலும் நினைவகத்தை நகர்த்தும் அலகான 4,096 பைட் பக்கம் முழுவதும் வந்து சேர்கிறது. ஏறத்தாழ 40 மடங்கு வீண் சுமை. எனவே சேர்ந்து படிக்கப்படும் பதிவுகளை ஒரே பக்கத்தில் அருகருகே வையுங்கள். சாவியைக் கொண்டு பதிவைத் தேடும் ஹேஷ் அட்டவணையில், ஒவ்வொன்றும் அடுத்ததன் முகவரியைச் சுட்டும் கணுக்களின் சங்கிலி முழுவதும் தொலைவில் இருந்தால், நான்காவது கணுவை எட்ட நான்கு பயணங்கள் ஆகும். முந்தைய கணு வந்த பிறகே அடுத்ததன் முகவரி தெரியும் என்பதால் இவற்றை ஒன்றாக அனுப்பவும் இயலாது. 1 கோடி பதிவுகள், பதிவுக்கு 1,000 பைட் என்றால் மொத்தம் 10 ஜிகாபைட். பதிவுக்கு 16 பைட் வீதம் சாவியின் ஹேஷையும் (சாவியிலிருந்து கணக்கிடப்படும் எண்) பதிவின் முகவரியையும் மட்டும் உள்ளூரில் வைத்தால் 160 மெகாபைட்டில் அடங்கிவிடும். பிறகு எந்தப் பதிவுக்கும் பெரும்பாலும் ஒரே பயணம்தான்.

படி 4: முன்கூட்டியே கேளுங்கள். வரிசையாகப் படிக்கும் இடங்களில் அடுத்த சில பக்கங்களை முன்னதாகவே வரவழைத்தால், காத்திருப்பு கணக்கீட்டோடு கலந்து மறைந்துவிடும்.

படி 5: எதிர் சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். தரவுத்தளத்திலிருந்து மீண்டும் படிக்கக்கூடிய தற்காலிகப் பிரதிகளை மட்டும் வெளியே அனுப்பினால் இழப்பில்லை. மற்றவற்றுக்கு இரண்டு சர்வர்களில் நகல் வையுங்கள், அல்லது இன்ஃபினிஸ்வாப் செய்வதைப் போல, எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் பின்னணியில் உள்ளூர் வட்டிலும் சேமித்துவிடுங்கள்.