படுக்கும் நேரம் கிடக்கட்டும், எழும் நேரத்தைப் பிடியுங்கள்

உடம்பையும் மனதையும் சீர்படுத்த எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். உடற்பயிற்சி, தியானம், உணவுக் கட்டுப்பாடு எல்லாம் அப்புறம். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நாள் முழுக்க நாற்காலியும் திரையும்தான். இந்த ஒன்றைப் பிடித்த பிறகுதான் மற்றவை என்னிடம் நிலைத்தன.

ஏன் எழும் நேரம்? தூக்கத்தை வா என்று அதட்டினால் வராது. ஆனால் எழுவது நம் கையில் இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காலை 6 மணிக்கே எழுந்தவருக்கு இரவு பத்து, பத்தரைக்குக் கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை படுத்திருந்தால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் காலை எரிச்சலோடு விடியும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. அதைக் கணக்கிட்டு எழும் நேரத்தை வையுங்கள். அதிகாலை 4 மணிக்கு எழுபவர்களின் பெருமைப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். விளக்கு போட்ட அறையில் அது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண் பழகிக்கொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் உறைப்பதில்லை. மூளையில் இருக்கும் உடல் கடிகாரத்துக்கோ அது நன்றாகத் தெரியும். கண் வழியே வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தினமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இருபது நிமிடம் போதும், சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. நான் அந்த நேரத்தில் நடந்துகொண்டே தங்கையோடு போனில் பேசுவேன். "மூச்சு வாங்குதே, மேட்டுல ஏறுறியா அக்கா?" என்பாள். வெளிச்சம், நடை, உறவு மூன்றும் ஒரே வேளையில் முடிந்துவிடும். வேலை மும்முரத்தில் நாள் கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்துவிடும் என் போன்றவர்களுக்கு இந்த அழைப்புதான் பெரிய மருந்து.

நடையைப் பற்றி இரண்டு வார்த்தை. தினம் 10,000 காலடி என்ற இலக்கு ஆய்வில் பிறந்ததல்ல, 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியோடு, அதாவது காலடிகளை எண்ணும் கருவியோடு, பரவியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதம். 2020-இல் வந்த வழிகாட்டுதலின்படி துண்டு துண்டாக நடந்தாலும் கணக்கில் சேரும். அதனால் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். வேலை செய்யும் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கும் வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். எளிதாகத் தோன்றும், எட்டாவது முறையில் தொடை பேசும்.

காபி, டீயை மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். அவற்றில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் காஃபீனின் பாதி அளவு உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது மாறும்.

இரவில் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் போதும். படுக்கும் முன் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட முடிக்க வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். நன்றியுணர்வுக் குறிப்பேடு எனக்கு ஒத்துவரவில்லை, இந்தப் பட்டியல் ஒத்துவருகிறது. "வேலையை முடி" என்று மொட்டையாக எழுதாமல் "மூன்றாம் அத்தியாயம், அடிக்குறிப்புகள்" என்று குறிப்பாக எழுதுவேன். படுத்தும் மனம் ஓடினால் 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். அப்படியும் இருபது நிமிடம்போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள், கண் சொக்கியதும் படுங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். முதலில் எழும் நேரம், அது படிந்ததும் வெளிச்சம், பிறகு மற்றவை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 96 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரு பழக்கம் படிய எடுத்த இடைநிலைக் கணக்கு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

இரவுப் பணி மாறி மாறி வருபவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ நடையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போதிய நேரம் தூங்கியும் பகலில் கண் செருகுகிறது, இரவில் குறட்டை பலமாக இருக்கிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதிக்க வழி இருக்கிறது.