லிஃப்ட் பண்ணின டபள் கெப்ல கேம்பர் ஆடினது: என் அனுபவம்

டபள் கெப்ப 3 இஞ்ச் லிஃப்ட் பண்ணி உயர்த்தின பிறகு அவிசாவளை ரோட்டில 60 தாண்டினாலே பின்னால இழுத்துக்கொண்டு வாற கேம்பர் (தங்கிற ட்ரெய்லர்) வாலாட்டத் தொடங்கிடும். டயர் காத்து கூட்டிப் பார்த்தன், பின் ஷொக் அப்சோபர் ரெண்டும் மாத்தினன், வீல் பலன்ஸும் பண்ணினன், நாலு நாள் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் கவனிச்சன், ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கேக்க கேம்பரின்ட பின் அடிதான் உரசுது, அதாவது மூக்கு மேல தூக்கி நிக்குது. கெப்போட சேர்ந்து டோ போலும் (ட்ரெய்லர் கொளுவுற குண்டு) 3 இஞ்ச் உயர்ந்திட்டுதே! பஞ்சிகாவத்தையில 3 இஞ்ச் இறக்கமான போல் மவுண்ட் (அந்தக் குண்டைத் தாங்குற இரும்பு) ஒண்டு எடுத்துப் போட்டன், கேம்பர் மட்டமாச்சு, ஆட்டம் குறைஞ்சுது, ஆனா முழுசா நிக்கேல்ல.

வீட்டுத் தராச கேம்பரின்ட கப்ளருக்கு (போல்ல கொளுவுற முன் முனை) கீழ வச்சு (போல் நிக்கிற அதே உயரத்தில வைக்கோணும், இல்லாட்டி கணக்கு பிழைக்கும்) நிறுத்துப் பார்த்தா 63 கிலோதான். கேம்பர் மொத்தம் 900 கிலோ, அதில 10 முதல் 15 வீதப் பாரம் முன்னால கப்ளரில விழோணும். பின் கிச்சன்ல இருந்த காஸ் சிலிண்டர முன்னுக்குக் கொண்டுவந்து கட்டி, 40 லீட்டர் தண்ணியையும் இறக்கினன், 110 கிலோ காட்டிச்சு. அதே ரோட்டில 60ல போனன், ஆட்டமே இல்ல. பெரிய நிம்மதி.