கஞ்சாவுக்கும் மதுவைப்போல் வரியா? முடிவு சொல்லும் முன் ஆராய வேண்டிய முறை

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, மதுவைப்போல் வரி விதித்து விற்கலாமா என்ற கேள்வியைப் பட்டிமன்றத் தலைப்பாக எடுத்துக்கொண்டால், இரண்டு அணிகளும் ஒன்றையொன்று காதில் வாங்காமலே பேசி முடித்துவிடும். இதைப் பற்றி எழுதவோ, கூட்டத்தில் பேசவோ, தமக்குள் ஒரு தெளிவுக்கு வரவோ விரும்புவோர் எதை எந்த வரிசையில் ஆராயலாம் என்பதை இங்கே சொல்கிறேன். என் நிலைப்பாட்டையும் மறைக்கவில்லை: பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும்; ஆனால் மதுவை விற்ற வழியில் கஞ்சாவை விற்கக் கூடாது.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துபவரைக் குற்றவாளியாக நடத்தாமல் விடுவது ஒன்று. சொந்தத் தேவைக்கு வளர்த்துக்கொள்ள விடுவது இன்னொன்று. கடை திறந்து இலாபத்துக்கு விற்பது முற்றிலும் வேறு. போர்ச்சுகல் 2001-இல் முதலாவதை மட்டும் செய்தது; அங்கே விற்பனை இன்றும் குற்றம்தான். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயதுவந்தோர் வீட்டில் மூன்று செடிகள் வளர்க்கலாம், வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம். கடை விற்பனைக்கு அனுமதி இல்லை. உருகுவே 2013-இல் இயற்றிய சட்டப்படி, வீட்டு வளர்ப்பு, உறுப்பினர் சங்கம், மருந்துக்கடை ஆகிய மூன்றில் ஒன்றில் மட்டுமே ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். மருந்துக்கடையில் மாதத்துக்கு 40 கிராமுக்கு மேல் கிடைக்காது. "மதுவைப்போல்" என்ற வழியை எடுத்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். 2012 வாக்கெடுப்பில் மக்கள் ஏற்றுக்கொள்ள, 2014 ஜனவரி 1 அன்று அங்கே கடைகள் திறந்தன.

இப்படிப் பிரித்த பிறகு, ஒவ்வொரு வாதத்தையும் அது எந்தக் கேள்விக்கு உரியதோ அங்கே வையுங்கள். கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 3.6 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இந்த அநீதியைக் களையத் தண்டனையை நீக்கினால் போதும். விளம்பரப் பலகை வைத்த கடை எதுவும் தேவையில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசுகிறவரிடம், எதற்கு எது ஆதாரம் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

அடுத்து, மது என்ற ஒப்பீடு எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்று பாருங்கள். வாகனம் ஓட்டுவதில் அது உடனே உடைந்துவிடும். மூச்சுக்காற்றைச் சோதித்து மதுவின் அளவைச் சொல்வதுபோல், இரத்தத்தில் உள்ள, கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியின் அளவைக்கொண்டு ஒருவரின் தடுமாற்றத்தை நம்பகமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 5 நானோகிராம் என்ற அளவுகோலைச் சட்டத்தில் எழுதிவைத்துள்ளன.

மிகவும் நிதானமாக ஆராய வேண்டியது வரி எதன் மேல் விழுகிறது என்பதைத்தான். விகிதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுபவர்களே அதிகம். விலைமீதா, எடைமீதா, வீரியத்தின்மீதா என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. விலைமீது விதித்தால், உற்பத்தி பெருகி விலை சரியும்போது வரியும் சேர்ந்து சரியும். சரக்கு இளைஞர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிடும். வாஷிங்டன் மாநிலம் தொடக்கத்தில் மூன்று கட்டங்களில் 25 விழுக்காடு வீதம் வரி வசூலித்து, 2015-இல் அதைக் கைவிட்டு, கடையில் மட்டும் 37 விழுக்காடு என்று மாற்றிக்கொண்டது. அதுவும் விலைமீதான வரியே.

எடைமீது விதித்தால் நேர்மாறான சிக்கல் வரும். கலிபோர்னியாவில் 2018-இல் விற்பனை தொடங்கியபோது, விளைவிப்பவரிடம் ஓர் அவுன்ஸ் உலர்ந்த பூவுக்கு 9.25 டாலர், அதாவது ஒரு பவுண்டுக்கு 148 டாலர், வரி வாங்கினார்கள். மொத்த விலை பவுண்டுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அது 15 விழுக்காட்டுக்கும் குறைவு; விலை 400 டாலருக்கு இறங்கினால் அதே வரி 37 விழுக்காடாகிவிடுகிறது. விலை உண்மையிலேயே சரிந்தது; சிறு விவசாயிகள் தாங்க முடியாமல் குரல் கொடுத்தார்கள்; 2022 ஜூலையில் அந்த வரி ஒழிக்கப்பட்டது. எடை வரியில் இன்னொரு தீமையும் உண்டு: ஒரு கிராமுக்கு ஒரே வரி என்றால், அந்தக் கிராமுக்குள் எவ்வளவு போதையை அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைப்பதே விற்பவருக்கு இலாபம்.

ஆகவே வீரியத்தின்மீது வரி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இல்லினாய் மாநிலம் 35 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி உள்ள சரக்குக்கு 25 விழுக்காடும், அதற்குக் கீழுள்ள பூவுக்கு 10 விழுக்காடும் வரி விதிக்கிறது. கனடா, உண்ணும் வகைகளுக்கு டிஎச்சியின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஒரு சென்ட் வாங்குகிறது. தொகையை நிலையாக எழுதினால், பணவீக்கத்தோடு அது உயரவும் விதி எழுத வேண்டும். அமெரிக்க மத்திய அரசு மதுவரியைக் கடைசியாக உயர்த்தியது 1991-இல். அதற்குப் பின் அதன் உண்மை மதிப்பு ஆண்டுதோறும் கரைந்துகொண்டே போனது. "மதுவைப்போல்" என்று ஒருவர் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும்.

கள்ளச் சந்தை ஒழியும் என்ற வாதத்தைச் சோதிக்க, வரியெல்லாம் சேர்ந்த கடை விலையையும் தெருவில் கிடைக்கும் விலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்தில் கடை இருக்கிறதா என்றும் பாருங்கள். கலிபோர்னியாவில் கடையை அனுமதிக்கும் அதிகாரம் உள்ளூராட்சிகளுக்குத் தரப்பட்டது. பல நகரங்கள் மறுத்துவிட்டன. கள்ள விற்பனை இன்றும் பெரிய அளவில் தொடர்கிறது.

இந்தியாவைப் பற்றிப் பேசுவதானால், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் விளக்கப் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். பூக்கும், காய்க்கும் நுனிகளும் பிசினும் தடைக்குள் வருகின்றன. தனித்த இலை வராது. அதனால்தான் சில வட மாநிலங்களில் கஞ்சா இலையில் தயாரிக்கும் பாங்கு, உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. 1893–94-இல் ஆராய்ந்த இந்திய சணல் (கஞ்சாச் செடி) போதைப்பொருள் ஆணையமும் முழுத்தடையைப் பரிந்துரைக்கவில்லை. வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தவே சொன்னது. வரி விதிப்பது மேலைநாட்டுப் புதுமை என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

கடைசியாக, வரும் பணத்தை யார் நம்பியிருக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மது மூலம் அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. இவ்வளவு பெரிய தொகை பொது நிதியில் கலந்துவிட்ட பிறகு, விற்பனையைக் குறைக்க நினைக்கும் எந்த அரசும் முதலில் தன் பட்ஜெட்டைத்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. அரசே விற்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் கஞ்சாவை விற்பது அரசு நிறுவனமே. ஆனால் அங்கே இலாபம் தடுப்புப் பணிக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்கப்படுகிறது, வாங்கும் வயதும் 2020-இல் 18-லிருந்து 21-ஆக உயர்த்தப்பட்டது. உங்கள் முன் வைக்கப்படும் எந்தத் திட்டத்திலும் இந்த இரண்டு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால், அவற்றைச் சேர்க்கும்வரை ஆதரவு தராதீர்கள்.