அரிப்பு எடுத்தா சொறியறதுக்கு முன்னாடி அது எந்த அரிப்புன்னு பாருங்க

தேவனாம்பட்டினம் பீச்சுல சாயங்காலம் உக்காந்துட்டு எழுந்தா கணுக்கால்ல நாலு இடமாவது தடிச்சிருக்கும். கொசு விட்ட எச்சில் உள்ள போனதும் தோலுக்குள்ள இருக்கற மாஸ்ட் செல்லுங்கற காவல் செல்லுங்க ஹிஸ்டமைன்ங்கற ரசாயனத்தைக் கொட்டுது, அதுல ரத்தக்குழாய் கசிஞ்சு தடிப்பு வருது, அதே ஹிஸ்டமைன் பக்கத்துல இருக்கற நரம்பு நுனியையும் சீண்டுது, அங்கேருந்து சேதி தண்டுவடம் வழியா மூளைக்குப் போகுது. இந்த நரம்பு ரொம்ப மெல்லிசு, செகண்டுக்கு சுமாரா 1 மீட்டர்தான் ஓடும்.

சொறிஞ்சா சுகமா இருக்கறது ஏன்னா, நகம் குடுக்கற வலி தண்டுவடத்துலயே அரிப்பை அமுக்கிடுது. ஆனா தோல் கிழிஞ்சா வீக்கம் ஜாஸ்தியாகி மறுபடி அரிக்கும். அதனால கிழிக்காம அமுக்கணும், ஈரத்துணியில ஐஸ் சுத்தி 5 நிமிஷம் வைங்க, இல்லன்னா உள்ளங்கையால தட்டுங்க. தடிப்புக்கு செட்டிரிசைன்ங்கற அலர்ஜி மாத்திரை கேக்கும், அது ஹிஸ்டமைன் உக்கார்ற இடத்தை அடைச்சுக்கும்.

எல்லா அரிப்புக்கும் அதையே போடறோம் பாருங்க, அங்கதான் தப்பு. வேலி ஓரம் பூனைக்காலிக் கொடியோட காய் மேல இருக்கற சுணை, அதான் அந்த மெல்லிசு முடி, பட்டா உயிர் போற மாதிரி அரிக்குமே, அந்த சுணையில இருக்கற ஒரு நொதி வேற நரம்புங்களைத் தூண்டுது, ஹிஸ்டமைனுக்கு அதுல பெருசா வேலை இல்ல. தேய்க்காதீங்க, தேய்ச்சா இன்னும் உள்ள ஏறும், செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துட்டு கழுவுங்க. தோல்ல ஒண்ணுமே இல்லாம உடம்பு பூரா நாள் கணக்கா அரிச்சா கல்லீரல், கிட்னி ரெண்டுக்கும் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க.

எங்க அத்தை வீட்டுல மூணு வாரம் ராத்திரி ராத்திரி எல்லாருக்கும் அரிப்பு, மெடிக்கல்ல மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டாங்க, புள்ளைங்க தூங்கவே இல்ல, பாக்கவே பாவமா இருந்துச்சு. கடைசியில சின்னவன் விரல் இடுக்கை விரிச்சுப் பாத்தா பென்சில்ல கீறின மாதிரி குட்டிக் கோடு, சிரங்குப் பூச்சி தோண்டின வழி அது. இந்த மாதிரி இருந்தா டாக்டர்கிட்ட காட்டி, பெர்மெத்ரின் 5% க்ரீம் குடுத்தா வீட்டுல அத்தனை பேரும் ஒரே ராத்திரியில கழுத்துலேருந்து கால் வரைக்கும் விரல் இடுக்கு விடாம பூசுங்க, காலையில குளிங்க, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு வாட்டி. கைக்குழந்தைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு பூசுங்க. போர்வை, துணியெல்லாம் வெந்நீர்ல அலசுங்க. பூச்சி செத்த அப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிக்கும், மருந்து கேக்கலன்னு பயந்து தினமும் பூசிடாதீங்க.