ஓடும் ஜீப்பை ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்குவது எப்படி

தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார் ரோடு 2017இல்தான் வந்தது. அதுவரை மணலிலும் கடல் தண்ணீரிலும்தான் ஜீப்பும் வேனும் ஆள் ஏற்றிப் போகும். இப்போது ஆசைக்குப் பழைய மூணு கியர் ஜீப் வாங்குகிற தம்பிகள், "அண்ணே, ஓட்டத்துல ஃபர்ஸ்ட் விழ மாட்டேங்குது, கத்துது" என்று ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் கியர்பாக்ஸில் கோளாறே இருக்காது. அதைச் செய்ததே அப்படித்தான்.

1890களில் பிரான்சின் பனார் லெவாசோர் கார்களில், ஷாஃப்டின் மேல் பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொரு சக்கரத்தோடு பல்லுக்குப் பல் கோர்ப்பார்கள். வேகம் ஒத்துப்போகாவிட்டால் அரைபடும். 1898இல் லூயி ரெனோ டாப் கியரில் எஞ்சின் சுழற்சி பல்சக்கரம் வழியாகச் சுற்றாமல் நேராகப் போகும்படி செய்தார். 1901 மெர்சிடிஸில் கேட் வந்தது, அதாவது லீவர் ஓட ஒவ்வொரு கியருக்கும் தனித் தடம். ஒவ்வொரு கியராகத் தாண்டிப் போகிற தொல்லை போயிற்று. ஆனால் அரைபடுவது தீரவில்லை. ஃபோர்டு மாடல் டி அந்த வம்பே வேண்டாமென்று, எப்போதும் கோர்த்தே இருக்கும் பல்சக்கரங்களை வைத்து, பெடலால் பட்டையை இறுக்கி கியர் மாற்றியது. பிறகு 1928இல் கேடிலாக் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்தது: பல் சேருமுன் கூம்பு வளையங்கள் உரசி இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதுவும் செகண்டுக்கும் தேர்டுக்கும் மட்டும். ஃபர்ஸ்ட் நின்ற வண்டியைக் கிளப்பத்தானே என்று விட்டுவிட்டார்கள். நம் ஜீப்பிலும் அதே கதை. தனுஷ்கோடி மணலை அவர்கள் எங்கே பார்த்தார்கள்!

மணலில் நிறுத்திவிட்டு ஃபர்ஸ்ட் போட்டால் வண்டி புதைந்துவிடும். ஓட்டத்திலேயே இறக்க வேண்டும். அதற்குத்தான் டபுள் கிளட்ச்: ஒரு கியர் மாற்றக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பது.

முதலில் கட்டாந்தரையில் பழகுங்கள். செகண்டில் ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே வண்டி உருளட்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். அப்புறம் கிளட்சை முழுதாக விடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கிளட்ச் விட்டிருந்தால்தான் எஞ்சின் உள்ளே இருக்கும் ஷாஃப்டைச் சுழற்றும். இப்போது ஆக்சிலேட்டரை ஒரு மிதி. எவ்வளவு? இந்த ஜீப்பில் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு எஞ்சின் வேகம் ஏறக்குறைய 1.8 மடங்கு ஏற வேண்டும். நிமிஷத்துக்கு 1,000 சுற்றில் ஓடினால் 1,800. மீட்டர் எங்கே இருக்கிறது, காதால்தான் பிடிக்க வேண்டும். சத்தம் ஏறியதும் மறுபடி கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளுங்கள். சரியான வேகத்தில் ஒரு விரலுக்கே விழும். கத்தினால் அமுக்காதீர்கள், நியூட்ரலுக்கு வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

மணலில், எஞ்சின் திணறத் தொடங்குமுன்பே இதைச் செய்துவிட வேண்டும். திணறிய பிறகு நியூட்ரலுக்கு வந்தால் கியர் விழுமுன் வண்டி நின்றுவிடும்.

ஆயில் விஷயம்: ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம், சிங்க்ரோ வளையம் பித்தளை, அதில் கலந்திருக்கும் மருந்து பித்தளையை அரிக்கலாம். ஜிஎல்-4, 90 நம்பர் போதும். கடல் தண்ணீரில் இறங்கி வந்தால் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் முழுதும் மாற்றிவிடுங்கள், வடிகட்டி மறுபடி ஊற்றாதீர்கள்.

ரிவர்ஸும் நகர்த்திக் கோர்க்கிற சக்கரம்தான். அதற்கு டபுள் கிளட்ச் உதவாது; வண்டி முழுதாக நின்ற பிறகு மட்டும் போடுங்கள்.